ஏசி மெக்கானிக் படிப்பா? பணம் கட்டும் முன் கேளுங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிச் சுவர்களில் அந்த நோட்டீஸ் முளைத்துவிடும். ‘ஆறே மாதத்தில் ஏசி மெக்கானிக் டிப்ளமோ. மத்திய அரசு சான்றிதழ். வெளிநாட்டு வேலை நிச்சயம்.’ குறுவைக்கு ஒதுக்கிய பணமோ, கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்த பணமோ, எதையோ புரட்டிக் கட்டிவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து, மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரும்போது பையனின் கையில் பளபளவென்று ஒரு சான்றிதழ் இருக்கும். அது எங்கேயும் செல்லாது என்று அவன் அப்பாவிடம் சொல்வது என் வேலையாகிவிட்டது. அப்படி வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கவில்லை: ‘இந்தத் தொழிற்பிரிவுக்கு டி.ஜி.டி. இணைப்பு உண்டா? உங்கள் எம்.ஐ.எஸ். குறியீடு என்ன?’

டி.ஜி.டி. என்பது ஒன்றிய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகம்; அதன் இணைப்புப் பெற்ற ஐடிஐ-யின் அடையாளக் குறியீடுதான் எம்.ஐ.எஸ். ஐடிஐ-யில் படித்து அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறியவர்களுக்கு அதன் பெயரில் வரும் தேசிய தொழிற்சான்றிதழைத்தான் நம் பக்கத்தில் இன்னும் என்.சி.வி.டி. சான்றிதழ் என்கிறோம். குளிர்பதனம், ஏசி தொழிற்பிரிவுக்கு 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டிப்ளமோ வேறு, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு அது பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு. ஆறு மாதத்தில் இரண்டில் எதுவும் கிடைக்காது. குறுகிய காலத் திறன் பயிற்சிகளை அரசுத் திட்டங்களே இலவசமாக நடத்துகின்றன. அவற்றில் சேர்வது நல்லதுதான், ஆனால் அந்தச் சான்று ஐடிஐ சான்றுக்கு ஈடாகாது.

நிறுவனத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றுகளைப் பார்த்து மயங்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிர்வாக முறைக்கான சான்று. உத்யம் பதிவை மளிகைக்கடைக்காரரும் வாங்கலாம். அறக்கட்டளைப் பதிவு, பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம். இவற்றில் ஒன்றுகூடப் பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் அனுமதி அல்ல.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு, உண்மையான ஐடிஐ-யிலேயே விழலாம். இணைப்பு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. தொழிற்பிரிவு வாரியாகக் கொடுக்கப்படுகிறது. எலெக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் இணைப்பு வாங்கிவிட்டு, அதே கட்டடத்து மாடியில் ஏசி வகுப்பைத் தானாக நடத்தினால் அந்தப் பிள்ளைகளுக்குத் தேசியச் சான்று வராது. ஆகவே, ‘இது ஐடிஐ தானே’ என்று கேட்டு வந்துவிடாதீர்கள். ஏசி பிரிவுக்கு இணைப்பு உண்டா என்று கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், ஏசி பிரிவுக்கு.

ஸ்கில் இந்தியா டிஜிட்டல் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். அது கைவராதவர்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய் உதவி இயக்குநரைப் பாருங்கள். நோட்டீஸையும் எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சில் ‘விசாரிக்கிறோம்’ என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இத்தனை அலைச்சல் வேண்டியதே இல்லை. இணைப்புள்ள நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வொரு மே மாதமும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் முடிந்தது. அதைக்கூடச் செய்யாமல், புகார் வந்தால் பார்ப்போம் என்று அதிகாரிகள் இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடப்புத்தகம், மிதிவண்டி, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் தகுதிக்கேற்பப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். விண்ணப்பம் இணைய வழியில்தான். மேட்டூர் திறக்கும் நேரமும் விண்ணப்ப நேரமும் ஒன்றாக வருவதால் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை அதன் பிறகும் நடக்கும், நேரில் போய்க் கேளுங்கள். ஏசி பிரிவு எல்லா ஐடிஐ-யிலும் இருக்காது. தஞ்சாவூரில் இடம் இல்லையென்றால் திருச்சி திருவெறும்பூர் வரை பாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலின் அசலைக் காட்டிவிட்டு, ஜெராக்ஸை மட்டும் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘மீதிப் பணத்தைக் கட்டு’ என்பதுதான் இந்த ஆட்களின் ஆயுதம். கொடுத்துவிட்டவர்கள், திருப்பித் தரச் சொல்லித் தேதியிட்ட கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாந்தது தெரிந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நோட்டீஸ், பணம் கட்டிய ரசீது அல்லது ஜிபே விவரம், பெயர்ப்பலகையின் படம், கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பணத்தை மீட்க, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம், செலவில்லை. தொலைபேசி 15100. நுகர்வோர் உதவி எண் 1915.

வளைகுடா கனவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சவுதி அரேபியா இப்போது ஏசி டெக்னீஷியன் உள்ளிட்ட தொழில்களுக்கு இந்தியாவிலேயே திறன் சோதனை வைத்து விசா தருகிறது. சுவரொட்டிச் சான்றிதழ் அங்கே உதவாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். போகவே போகாதீர்கள்.

சான்றிதழுக்காக மட்டும் நான் கத்தவில்லை. குழாயில் கசிவு பார்க்க நைட்ரஜன் ஏற்ற வேண்டிய இடத்தில், பக்கத்தில் இருக்கிறதென்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-22 வாயு படிப்படியாக ஒழிக்கப்படுகிறது. புது ஏசிகளில் வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும், ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பற்றும். பழைய பழக்கத்தில் பீடியோடு வால்வைத் திறக்கும் வேலை இனி ஆகாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கும். இதையெல்லாம் பட்டறையில் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

படிக்காமலேயே கடையில் வேலை கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. 3 ஆண்டு அனுபவம் உள்ளவர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். அதற்கு முன் கருத்தியல், செய்முறை இரண்டிலும் முதல்நிலைத் தேர்வு உண்டு. அறிவிப்பு செய்தித்தாளில் ஓர் ஓரத்தில் வந்து போகும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. அப்போது முதலாளியைத் தேடி ஓட முடியாது. சேர்ந்த தேதி, செய்த வேலை, கடை முத்திரை, கையெழுத்தோடு அனுபவச் சான்றை இந்த வாரமே வாங்கி வைத்துவிட்டு, அடுத்த அறிவிப்பு எப்போது என்று திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.