நெஞ்சு வலியா? நேரம் கடத்தாதீர்கள்!

நெஞ்சை அடைக்கிறது. குப்பென்று வியர்க்கிறது. "வாயுதான்" என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடலாமா? கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம்.

இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. நேரம் போகப்போக இதயத் தசை சாகிறது.

அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. விலை பல ஆயிரம் ரூபாய். கர்நாடகத்தில் பல தாலுகா மருத்துவமனைகளில் அது இலவசம். 2021-இல் மாரடைப்பால் இறந்த நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரில் இத்திட்டம் நடக்கிறது. மேல்சிகிச்சைக்கு மைசூரில் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது.

ஊசி மருந்து உடல் முழுவதும் ஓடும். சிலருக்கு வேறிடத்தில் ரத்தம் கசியும். அதனால் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களில் ஏற்றி, அடைப்புக்கே அனுப்ப ஆராய்ச்சி நடக்கிறது.

அது வரும்போது வரட்டும். இன்று நம் கையில் இருப்பது நேரம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.