கூலி பாக்கியை முதலில் தீர்த்த முதலாளி

சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்காகக் காத்து நின்று, 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாத குடும்பம் நம் தெருக்களில் உண்டா? செங்கல் சூளையானாலும் கரும்பு வெட்டானாலும் கட்டட வேலையானாலும், தொழிலில் நட்டம் என்றால் முதலில் நிற்பது கூலிதான். கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து கத்துவார். வங்கி நோட்டீஸ் அனுப்பும். கூலிக்காரர் குரலுக்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை. அதனால் அவர் கணக்கு எப்போதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது.

இந்த வரிசையை மாற்றிக் காட்டிய ஒரு பெண்ணைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். மும்பையின் கமானி டியூப்ஸ் நிறுவனத்தின் தலைவர் கல்பனா சரோஜ். நம்மைப் போன்ற ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர்.

மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் ரோப்பர்கேடா என்ற சிற்றூர் அவருடைய சொந்த ஊர். அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். பள்ளியில் படிக்க ஆசை இருந்தும் 12 வயதிலேயே திருமணம் செய்துவைத்து மும்பைக் குடிசைப் பகுதிக்கு அனுப்பினார்கள். புகுந்த வீட்டில் அடியும் பட்டினியும். பார்க்கப் போன அப்பா, மகள் இருந்த நிலையைக் கண்டு கையோடு அழைத்துவந்துவிட்டார். ஊர் சும்மா இருந்ததா? வாழாவெட்டி என்று ஏசியது. உயிரை விட்டுவிடலாம் என்ற எல்லை வரை போய் மீண்டவர் அவர். மீண்டதும் எடுத்த முதல் முடிவு, மறுபடி மும்பைக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்பது.

பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் நாளுக்கு 2 ரூபாய் கூலிக்கு நூல் வெட்டும் வேலை கிடைத்தது. மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து பழகினார். பிறகு வீட்டிலேயே இயந்திரங்களைப் போட்டுத் தைத்தார். தாழ்த்தப்பட்டோருக்கான மகாத்மா பூலே பெயரிலான அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் கடன் வாங்கி மரச்சாமான் கடை வைத்தார். கடன் எப்படி வாங்குவது என்று தெரியாமல் தவித்த தன் அனுபவத்தை அவர் மறக்கவில்லை. வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, எந்த அலுவலகத்தில் எந்தத் திட்டம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அந்தச் சங்கம்தான் பிற்பாடு அவர் பெயரைத் தொழிலாளர் மத்தியில் கொண்டு சேர்த்தது. பிறகு வழக்கில் சிக்கிக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கி, வழக்கைத் தீர்த்து, கட்டடத் தொழிலிலும் இறங்கினார். அதற்காகக் கொலை மிரட்டல் வந்தபோதும் பின்வாங்கவில்லை.

இப்போது கமானிக்கு வருவோம். 1960இல் ராம்ஜிபாய் கமானி தொடங்கிய செப்புக் குழாய் ஆலை அது. மும்பை குர்லாவில் இருந்தது. வாரிசுகளுக்குள் பூசல் வந்து 1980களில் ஆலை மூடப்பட்டது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர்களே அதை ஏற்று நடத்தினார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் பெரிதாகப் பேசப்பட்ட முயற்சி அது. சில ஆண்டுகள் ஓடியது. பிறகு கடனும் வட்டியும் கழுத்தை நெரித்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆலையின் மீது 116 கோடி ரூபாய் கடன், 140 வழக்குகள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தொழிற்சங்கங்கள். சம்பளம் இல்லாமல் 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

அந்தத் தொழிலாளர்கள்தாம் கல்பனாவைத் தேடிப்போனார்கள். செப்புக் குழாய் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பசி தெரியும். அந்தக் குடும்பங்களை நினைத்தே ஒப்புக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் செய்த வேலைகளை மாணவர்கள் வரிசையாகக் கவனிக்க வேண்டும். முதலில், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைக் கூட்டினார். துறைக்கு ஒருவராகப் பத்துப் பேர் கொண்ட குழு அமைந்தது. அடுத்து, கடன் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அதில் பெரும்பகுதி வட்டியும் அபராதமும்தான் என்று தெரிந்தது. 'ஆலையை ஏலம் விட்டால் உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது, தொழிலாளிக்கும் ஒன்றும் மிஞ்சாது' என்ற வாதத்தோடு அரசிடமும் வங்கிகளிடமும் நடையாய் நடந்தார். வட்டியும் அபராதமும் தள்ளுபடியாயின. 2006இல் நிறுவனம் அவர் பொறுப்புக்கு வந்தது.

வங்கிக் கடனை அடைக்க 7 ஆண்டுகளும், தொழிலாளர் பாக்கியைத் தீர்க்க 3 ஆண்டுகளும் அவருக்கு அவகாசம் இருந்தது. வங்கிக் கடனை ஓராண்டில் அடைத்தார். கூலி பாக்கியை மூன்றே மாதத்தில் கொடுத்து முடித்தார். இதை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சட்டம் மூன்று ஆண்டு பொறுக்கலாம் என்கிறது. பசித்த வீடு மூன்று ஆண்டு பொறுக்காது என்பது 2 ரூபாய்க்கு நூல் வெட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. நிறுவனப் பண்பாடு என்று மேலாண்மைப் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றுதான்: கையில் காசு வந்த அன்று முதலில் யாருக்குக் கொடுக்கிறார்கள்?

வாடிக்கையாளர் நலனும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. செப்புக் குழாய் குளிர்சாதனத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் கப்பலுக்கும் போகிற சரக்கு. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். குழாயின் கனம் ஒரே சீராக வருகிறதா என்று பார்க்கும் கைப்பழக்கம் தொழிலாளியிடம் இருக்கிறது. அவர் கூலியைத் தின்றுவிட்டு, வாங்குகிறவருக்கு நல்ல சரக்கு கொடுக்க எந்த முதலாளியாலும் முடியாது.

ஆனால் வாடிக்கையாளர் பற்றிப் பேசும்போது நாம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளருக்கும் சாதி இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய பிறகு, பம்பாயில் பங்கு வணிகம் பற்றி ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. இந்த நாட்டில் அவரைவிடச் சிறந்த பொருளாதார ஆலோசகர் அன்று யார் இருந்தார்? குறை ஆலோசனையில் இல்லை, கேட்க வந்தவர்களின் மனத்தில் இருந்தது.

அது பழைய கதை என்று தள்ள முடியுமா? 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் தெருமுனையில் போடும் இட்லிக் கடைக்கு மேலத்தெருவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்? அதே மாவு, அதே கைதான். டவுன் பஸ் ஸ்டாண்டு அருகே கடை போட்டால் கூட்டம் வருகிறது. அங்கே யாரும் ஊர் பேர் விசாரிப்பதில்லை. குழாய்க்கும் அப்படித்தான், செய்தவர் யாரென்று கேட்கத் தெரியாது. நம் பிள்ளைகள் தொழில் தொடங்கும்போது என்ன விற்பது என்பதோடு எங்கே விற்பது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இது நம் தலைவிதி அல்ல. ஊர் திருந்த வேண்டிய கணக்கு. அதுவரை நாம் பட்டினி கிடக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

2013இல் கல்பனா சரோஜுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. உடனே சிலர் கிளம்புவார்கள்: 'பாருங்கள், உழைத்தால் முன்னேறலாம், இடஒதுக்கீடு எதற்கு?' என்று. அவர்களுக்கு ஒரே பதில். அவர் முதல் கடையை வைத்தது தாழ்த்தப்பட்டோருக்காக ஒதுக்கிய அரசுக் கடனில். ஏணி இருந்ததால்தான் ஏறினார். அதே நேரம், நம் ஆள் முதலாளி ஆனாலே விடுதலை வந்துவிடும் என்றும் நாம் நம்பவில்லை. 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் தொழிலாளியின் எதிரிகள் என்றார் அம்பேத்கர். கல்பனாவை நாம் கொண்டாடுவது அவர் கோடீஸ்வரர் என்பதால் அல்ல. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கூலிக்காரர் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தார் என்பதால்.

நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தாட்கோ அலுவலகம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. எழுந்து நில் இந்தியா திட்டத்துக்கு 2016 முதல் வங்கிகள் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்று வகுத்தார்கள். இன்று எது எந்த நிலையில் நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகரிடம் போகாதீர்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நாளை உங்களில் ஒருவர் கடை வைப்பீர்கள், பட்டறை போடுவீர்கள், நாலு பேருக்கு வேலை கொடுப்பீர்கள். அன்று சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வாசலில் ஒருவர் கூலிக்காக நிற்பார். அவரை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நம் அம்மா அப்பாவும் அப்படி நின்றவர்கள்தாம்.