கோடை விடுமுறையும் கிணற்று நீரும்



மேனாட்டுக் கல்லூரிகளில் விஞ்ஞானம் பயில்வோர் சிலர், கோடை விடுமுறையில் ஆப்பிரிக்கா சென்று ஆராய்ச்சி செய்து திரும்புகின்றனர். இதனைக் கேட்கும்போது, 'அத்தகைய வாய்ப்பு நமக்கு ஏது?' என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால், அந்நிலத்தில் ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று நம் தருமபுரிக் கிணறுகளிலும் உண்டு. குடிநீரில் கரைந்துள்ள ஃப்ளூரைடே அது.

எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஊடே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு ஒன்று செல்கிறது. அங்குள்ள எரிமலைப் பாறைகளினின்று ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. நம் மாவட்டத்தில் எரிமலை இல்லை. ஆயினும், பழமையான கருங்கற் பாறைகளின் கனிமங்கள் சில அதே பொருளை நீருக்கு அளிக்கின்றன. தோற்றுவாய் வேறு, விளைவு ஒன்றே. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை, பல் உருவாகும் பருவத்தில் தொடர்ந்து பருகினால் பற்களில் கறை தோன்றும். அளவு மிக மிகுந்து ஆண்டுகள் பல சென்றால், எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். சென்னை மாகாணத்தில் இந்நோய் காணப்படுவது பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 1937-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

இதனை ஆராய்வது எவ்வாறு? ஒரு கிணற்று நீரைக்கொண்டு ஊர் முழுவதையும் மதிப்பிடலாகாது. பல கிணறுகளின் நீரைப் பிளாஸ்டிக் புட்டிகளில் எடுத்து, கிணற்றின் ஆழம், பாறையின் வகை, எடுத்த நாள் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். சிவந்த சாயக் கரைசல் ஒன்றை அந்நீரிற் கலந்தால், ஃப்ளூரைடு மிகுந்த அளவுக்கு அதன் நிறம் வெளுக்கும். அந்த வெளுப்பைக் கருவியால் அளந்து கணக்கிடுவர். ஒரே நீரை இருமுறை சோதித்து, இரு விடைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் இன்றியமையாதது.

நீரைக் கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அதனை நீக்கும் 'நல்கொண்டா முறை' நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கையாளப்பட்டது. அங்கே எலும்புக் கரியால் வடிகட்டும் முறையும் வழக்கில் உண்டு. நமக்கோ, 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. எனினும், குழாயில் நீர் வராத நாட்களில் பழைய ஆழ்கிணற்றை நாடினால், பழைய இடரும் உடன் வரும். ஆகவே, எந்தக் கிணறு தக்கது, எது தகாதது என்பதை ஊரார் அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கே ஆராய்ச்சியாளனின் கடமை ஒன்றுண்டு. தாய் ஒருத்தி தன் வீட்டுக் குடத்து நீரை உங்கள் புட்டியில் ஊற்றித் தருகிறாள். அதில் கண்ட எண்ணை ஏட்டில் எழுதிக்கொண்டு அகன்றுவிட்டால் பாதி வேலையே முடிந்ததாகும். அந்நீரைத் தன் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதை அவளுக்குப் புரியும் சொற்களில் தெரிவித்தாலன்றிப் பணி நிறைவுறாது. அயல்நாடு சென்றவனுக்கும் இவ்விதி பொருந்தும்.

சர் சி. வி. இராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, வேறிரு தேசிய அகாதெமிகளுடன் சேர்ந்து, கல்லூரி மாணவருக்குக் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. அதற்கு முயலுங்கள். அதற்கு முன்பாகவே, வரும் விடுமுறையில் ஆசிரியரின் துணையுடன் உங்கள் ஊர்க் கிணறுகளைக் கணக்கெடுக்கத் தொடங்குங்கள்.