நடுக்குவாத நோயாளரும் செயற்கைப் பற்தொகுதியும்

பற்தொகுதியை வாயில் நிறுத்துவது எது

பற்கள் அனைத்தையும் இழந்தவருக்குப் பொருத்தப்படும் முழுப் பற்தொகுதி, ஈறுக்கும் அதற்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தாலும், உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னமும் உதடும் இணைந்து அதனைத் தாங்கப் பழகுவதாலும் வாயில் நிலைத்திருக்கிறது. 1817 இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்ததும் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலானதுமான நடுக்குவாத நோயில், டோபமைன் என்னும் இரசாயனத்தை உண்டாக்கும் மூளைக் கலங்கள் அழிவதால் தசைகள் விறைத்து அசைவு மந்தமாக, இந்த இணக்கம் குலைகிறது. நோயாளரின் உதட்டோரம் வழியும் எச்சிலைக் கண்டு உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கிறது என்று பலர் கருதினாலும், விழுங்குதல் குறைவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். நடுக்கத்துக்குத் தரப்படும் பென்செக்சோல் போன்ற மருந்துகளோ வாயை உலர்த்துகின்றன. முதலில் ஆட்டங்காண்பது, தாங்கும் பரப்புக் குறைந்த கீழ்த்தாடைப் பற்தொகுதியே.

குளிசையின் நேரமும் பயணத்தின் நேரமும்

மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை விழுங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அசைவு இலகுவாகி, நோய் முதிர்ந்தவர்களிடம் சில மணி நேரத்தில் அப்பயன் மங்கிவிடுவதால், அச்செடுத்தலும் தாடைகளின் பொருத்தத்தைக் குறித்தலும் அந்த இடைவெளிக்குள் முடிய வேண்டியவை. திருகோணமலை மாவட்டத்தில் இது எளிதன்று. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதோடு, 'பாதை' எனப்பட்ட மிதவைக்குக் காத்திருந்த நிலை மாறியது என்றாலும், மூதூரிலோ வெருகலிலோ விடியலில் குளிசை போட்டு பஸ் ஏறி, நகரின் வைத்தியசாலையில் இலக்கம் எடுத்து அமர்ந்திருப்பவரின் முறை வரும்போது மருந்தின் வலு கரைந்திருக்கக்கூடும். ஆதலின் குளிசை நேரத்தைப் பல் வைத்தியரிடம் முன்கூட்டியே கூறி, அதற்கேற்ற நேரத்தைக் கேட்பதற்கு நோயாளரோ உறவினரோ தயங்கலாகாது. குளிசையின் நேரத்தை மாற்றுவதாயின் அதனை எழுதித்தந்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சைக் கதிரையில்

மல்லாக்கச் சாய்த்தால் எச்சிலும் அச்சுப் பொருளும் தொண்டைக்குள் இறங்கக்கூடுமாதலால் நோயாளரை நிமிர்த்தி அமர்த்தி, விரைவில் இறுகும் பொருளைக் கொண்டு அச்செடுப்பதும், நாக்கின் தள்ளலும் கன்னத்தின் அழுத்தமும் சமப்படும் இடத்தைக் கண்டறிந்து அங்கே பற்களை அடுக்குவதும் பயன்தரும். கீழ்த்தாடை எலும்பில் 2 பதியங்களைப் பொருத்தி அவற்றின்மேல் பற்தொகுதியை இருத்துவதே முதல் தெரிவாதல் வேண்டும் என்று 2002 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பொதுவாகப் பல்லிழந்தோர் குறித்து அறிவித்தனர். ஆயினும் செலவு ஒருபுறமிருக்க, நடுங்கும் கையால் பதியங்களை நாள்தோறும் துலக்க இயலுமா என்பதையும் எண்ணிப் பார்த்தே இங்கு அதனைப் பரிந்துரைக்கலாம்.

வீட்டில்

இரவில் கழற்றி நீரில் இடாத பற்தொகுதியின் அடியில் பூஞ்சைத் தொற்று எளிதில் உண்டாகும். கைதவறினால் உடையாதிருக்க, நீர் நிரம்பிய பாத்திரத்தின் மேல் பிடித்தே அதனைத் துலக்குதல் நன்று. பற்தொகுதி செய்யப்படும் அக்ரிலிக் எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. எனவே துண்டொன்று உடைந்து காணாமற்போய், நோயாளர் இருமினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ, எஞ்சிய பகுதியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.