மடி நோய் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

ஊசி போட்டதும் மடி வீக்கம் வடிந்து விடுகிறது. ஒரு மாதம் சென்றதும் அதே காம்பில் பால் மறுபடியும் திரிதிரியாக வருகிறது. மருந்து சரியில்லை என்று நினைக்கிறோம். சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றும் குடும்பத்திற்கு இது சிறிய நஷ்டமல்ல. ஒரு காம்பு அடைபட்டால், மடியில் கால் பங்கு போயிற்று.

மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சில நாட்கள் கழுவாமல் விட்டால் உட்சுவரில் வழவழப்பு படிகிறது. தண்ணீர் ஊற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் உறை அது. இதை ‘உயிர்ப்படலம்’ என்கிறார்கள். கிருமிகள் இப்படி ஒட்டி வாழ்வதைக் கனடா நாட்டு விஞ்ஞானி காஸ்டர்ட்டனும் சகாக்களும் 1978-ம் ஆண்டு விளக்கினார்கள்.

மடி நோய்க்கு முக்கிய காரணமான ‘ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்’ கிருமி மடிக்குள்ளும் இவ்வாறு படலம் கட்ட வல்லது. படலத்திற்குள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை. தொட்டியைப் போல மடியைத் தேய்க்க முடியாது. ஆகவே, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் வழி.

அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத் தூளைக் கரைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, அதே அளவு கரைசல் விட்டுச் சுழற்றுங்கள். பால் கொழகொழவென்று கெட்டியானால், வீக்கம் இல்லாவிட்டாலும் அந்தக் காம்பில் நோய் இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். அவர் சொல்லும் வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். முதல் பீச்சுப் பாலைத் தரையில் விடாமல் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனையுங்கள். பிறகு தீவனம் வைத்தால் மாடு அரை மணி நேரம் படுக்காமல் நிற்கும். அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். பால் கேனின் மூடி இடுக்கையும், கறவை இயந்திரத்தின் ரப்பர் உறைகளையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வழவழப்பு அங்கும் படியும்.

பால் வற்ற விடும் சமயத்தில் காம்புக்குள் செலுத்தும் மருந்து உண்டு. அது உங்கள் மாட்டிற்குத் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். அடுத்த ஈற்றின் பால் அந்த நாட்களில் எடுக்கும் கவனத்தைப் பொறுத்தது.