'நீ உட்காரும்மா, நான் எடுத்துட்டு வர்றேன்!' - தளர்ந்துபோன பெற்றோருக்கு இந்த அன்பு மட்டும் போதுமா?

"நீ உட்காரும்மா, தண்ணி நான் எடுத்துட்டு வர்றேன்."

"அப்பா, மாடிக்கெல்லாம் ஏறாதீங்க. விழுந்துட்டா யாரு பார்க்கிறது?"

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கிற பேச்சுதான் இது. சொல்பவர்களுக்கு அக்கறை. கேட்பவர்களுக்கும் மறுத்துப்பேச மனம் வராது. முதலில் மாடி ஏறுவது நிற்கும். பிறகு கோயில், அப்புறம் தெருமுனைக் கடை. ஒரு நாள் காலையில் பாத்ரூமில் உட்கார்ந்தவர் எழ முடியாமல், உள்ளேயிருந்து மகளையோ மருமகளையோ கூப்பிட வேண்டி வரும். அந்தக் கூச்சம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் மற்றவர்கள், 'வயசாயிடுச்சு, வேறென்ன' என்று முடித்துவிடுவார்கள்.

வயது ஒரு காரணம்தான். ஆனால், அந்தத் தளர்ச்சியில் வயதுக்கு எவ்வளவு பங்கு, உட்கார்ந்தே இருந்ததற்கு எவ்வளவு பங்கு? இந்தக் கேள்விக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஆச்சர்யமான ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

90 வயதில் எடைப் பயிற்சி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் மருத்துவர் மரியா ஃபியாடரோனும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 10 பேர். சராசரி வயது 90. எல்லோரும் தளர்ந்தவர்கள், பல நோய்களுக்கு மருந்து சாப்பிடுபவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது கையை மெள்ளத் தூக்கி இறக்கும் பயிற்சி அல்ல, தொடைத் தசைக்கான எடைப் பயிற்சி. வாரத்துக்கு 3 நாள், மொத்தம் 8 வாரம். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவோ, அதில் 80 சதவிகிதம் வரை வைத்துப் பயிற்சி. பலம் கூடக் கூட எடையும் கூடியது.

9 பேர் கடைசிவரை செய்தார்கள். அவர்களின் தொடைத் தசை பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. அதாவது, ஆரம்பத்தில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு! இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் தானாகவே எழுந்தார்.

தசையின் அளவு கூடியது என்னவோ 9 சதவிகிதம்தான். அப்படியானால் மீதி பலம் எங்கிருந்து வந்தது? இருக்கிற தசையையே நரம்புகள் நன்றாக வேலை வாங்கப் பழகியதுதான் முக்கியக் காரணம். சும்மா கிடந்த தசை, வேலை கொடுத்ததும் விழித்துக்கொண்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1994-ல் அதே குழு 100 பேரை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டது. சராசரி வயது 87. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வார முடிவில், பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவிகிதம் கூடியது. நடை வேகமும் படி ஏறும் திறனும் கூடின. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா, அம்மாவுக்கு ஒரு டப்பா சத்து மாவு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

10 நாள் படுத்தால்...

'காய்ச்சல் விட்டதும் இன்னும் ஒரு வாரம் படுத்து ஓய்வெடுக்கட்டும்' என்பது நம் வீடுகளில் சகஜம். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத, சராசரி வயது 67 உள்ள 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி என்றால், ஏற்கெனவே தளர்ந்த 80 வயதுக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தளர்ச்சியை அடையாளம் காண மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஐந்து. முயற்சி செய்யாமலே எடை குறைவது, எப்போதும் சோர்வு, கைப்பிடி பலம் குறைவது, நடை வேகம் குறைவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால், தசை பலம் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாழ்க்கைத்தரம் என்பது 400 மீட்டர்

70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை அமெரிக்காவில் சராசரியாக 2.6 ஆண்டுகள் கண்காணித்த பெரிய ஆய்வு 2014-ல் வெளியானது. 400 மீட்டர் தூரத்தைத் தானாக நடக்க முடிகிறதா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. உடல்நல வகுப்புகளுக்கு மட்டும் வந்தவர்களில் 35.5 சதவிகிதம் பேர் அந்தத் திறனை ஒரு கட்டத்தில் இழந்தார்கள். நடை, கால் பலம், சமநிலை மூன்றுக்கும் பயிற்சி செய்தவர்களில் அது 30.1 சதவிகிதம்.

கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் 400 மீட்டர் என்பது தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பும் தூரம். அது முடிந்தால் பால் பாக்கெட்டைத் தானே வாங்கி வரலாம், வழியில் நான்கு பேரிடம் பேசலாம். முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் யாராவது வர வேண்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்ற ரீதியில் கேள்வித்தாள் கொடுத்து அளந்த ஆய்வுகளில் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. பலமும் நடையும் கூடுவது தெரிகிற அளவுக்கு அது தெளிவாக இல்லை. தனிமை, பணக் கவலை, துணையை இழந்த வருத்தம் இதெல்லாம் தொடைத் தசையால் தீருகிற விஷயங்களும் அல்ல. ஆனால், கழிப்பறைக்கு யார் துணையும் இல்லாமல் போய்வர முடிவதற்கு எந்தக் கேள்வித்தாளில் மார்க் போடுவது?

வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை. இதய நோய், சமீபத்தில் எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, அடிக்கடி தலைச்சுற்றல் உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது. முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்து, எதில் தொடங்கலாம் என்று சொல்வது நல்லது. வெளியே கூட்டிப்போக முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் வசதியும் இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

மிகப் பயனுள்ள பயிற்சிக்குத் தேவை, கைப்பிடி வைத்த, ஆட்டம் இல்லாத ஒரு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், வேண்டாம். முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து உட்கார வேண்டும். முடியாதவர்கள் கைப்பிடியை ஊன்றி எழலாம். உயரம் போதாவிட்டால் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. 5 முறை சுலபமாகிவிட்டால் 8, பிறகு 10. மூச்சை அடக்கக் கூடாது.

அடுத்தது சமநிலை. சமையல் மேடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு காலை மட்டும் லேசாகத் தூக்கி நிற்பது. சோறு கொதிக்கிற நேரத்தில் அல்ல, அடுப்பு அணைந்திருக்கும்போது. தரையில் ஈரம் இருக்கக் கூடாது. சேலைக் கொசுவமும் வேட்டியும் காலில் தட்டாதபடி தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.

'தினமும் வாக்கிங் போறாரே, அது போதாதா' என்று கேட்கலாம். நடப்பது நல்லதுதான். ஆனால் விழாமல் காக்க அது மட்டும் போதாது. கால் பலமும் சமநிலையும் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் இந்த இரண்டும் சேர்ந்த பயிற்சிகளை வாரத்துக்கு 3 நாளாவது செய்ய வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

சாப்பாட்டில் புரதம் இல்லாமல் தசை வளராது. ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 50 கிலோ எடை உள்ளவருக்குத் தினமும் 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ரசம் சாதமும் இரண்டு இட்லியும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுதல், இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுநாள் தொடையில் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம்.

பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், அவர்களின் பலம் 32 சதவிகிதம் குறைந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போனது என்று இடையில் சில வாரம் விட்டுப்போனால், பழைய எண்ணிக்கையிலேயே ஆரம்பிக்க வேண்டாம். 10 முறை எழுந்தவர் மறுபடியும் 5-லிருந்து தொடங்கலாம்.