நாட்பட்ட சோர்வு நோயும் தேகாப்பியாசமும்

நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய வியாதிகளில் தேகாப்பியாசம் விளைவிக்கும் நன்மையைக் கண்ணாரக் கண்ட வைத்தியர்கள், நாட்பட்ட சோர்வு நோய்க்கும் அதுவே சிகிச்சை என்று கருதியது இயல்பே. ஆயினும் அந்த அப்பியாசத்தினாலேயே தங்கள் நிலை சீர்கெட்டதென்று நோயாளிகள் பலர் முறையிட்டபோது, அதற்குச் செவிசாய்க்க நெடுங்காலம் பிடித்தது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

உழைப்புக்குப் பின் வரும் வீழ்ச்சி

இந்நோயின் பிரதான லட்சணம் வெறும் களைப்பன்று. சிறிது தூரம் நடந்ததன் விளைவோ, குளித்ததன் விளைவோ, சிலருக்குச் சற்று நேரம் படித்ததன் விளைவோகூட, பெரும்பாலும் உடனே தோன்றாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டி, உடல்வலி, சிந்தனை மந்தம், உறக்கக் கேடு ஆகியவற்றோடு நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிக்கும். சைக்கிள் மிதிக்கச் செய்து சுவாசத்தை அளக்கும் பரீட்சையை அடுத்தடுத்த இரு தினங்களில் நடத்தினால், ஆரோக்கியமுள்ளவர் ஏறக்குறைய முதல் நாளின் அளவையே மறுநாளும் எட்டிவிட, இந்நோயாளிகளில் பலருடைய சக்தி இரண்டாம் நாள் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதைச் சோம்பல் என்பது அநியாயம்.

ஒரு பெரும் பரிசோதனை

பிரிட்டனில் 641 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று, 2011-இல் 'லான்செட்' பத்திரிகையில் பிரசுரமான 'பேஸ்' ஆய்வு, படிப்படியாக உயர்த்தும் தேகாப்பியாசம் பயன் தரும் என்று கூறிற்று. உடல் இயக்கத்துக்கு நூறு மதிப்பெண் என்னும் அளவையில் 65 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் குணமடைந்தோரைக் கணக்கிடும்போது, முதலில் 85 என்று வகுத்திருந்த வரம்பு 60 ஆகத் தளர்த்தப்பட்டதால், சேர்ந்த நாளைவிட நலிந்தவரும் அந்த ஓர் அளவில் தேறியவராகிவிட இடமிருந்தது! 2016-இல் ஒரு தீர்ப்பாயத்தின் ஆணையால் தரவுகள் வெளிவந்தபின், பழைய வரம்பின்படி பிறர் மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் தொகை வெகுவாகச் சுருங்கிற்று. அந்த அப்பியாச முறைக்காக வாதாடும் நிபுணர்கள் இன்றும் உண்டு. எனினும் 2007-இல் அதைப் பரிந்துரைத்த பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனமே, 2021-இல் அப்பரிந்துரையைக் கைவிட்டது.

செய்யத்தக்கது

அன்றாடங்காய்ச்சி தன் கூலியைக் கணக்காகச் செலவிடுவதுபோல, உள்ள சக்திக்குள் வேலையைப் பகிர்ந்து, வீழ்ச்சிக்கு முன்பே ஓய்வெடுத்தலே இப்போதைக்கு உசிதமான வழி. அது நோயை நீக்காவிடினும் விபரீதத்தைக் குறைக்கும். உழைப்புக்குப் பின் இவ்வித வீழ்ச்சி காணாத வேறுவகைச் சோர்வுக்கு அப்பியாசம் அனுகூலமாகலாம். ஆகவே எது எவ்வகை என்று பிரித்தறிவது வைத்தியரின் முதற்கடமை.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி இன்று நடந்துவிட்டார் என்று மகிழ்ந்து நாளை இன்னும் சற்றுத் தொலைவு என்று வற்புறுத்தாதீர்கள், இரண்டு நாள் பொறுத்து, அவர் உடல் எப்படியிருக்கிறது என்று அவரையே கேளுங்கள்.